சைகோன் சகலையின் கரண்டுப் பழம்

எங்கள் குடும்பத்தில் தந்தி வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று பொருள். அதனால் தந்திக்காரரை வாசலில் பார்த்ததுமே என் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். நான் பிரித்துப் படித்தேன். ‘காய் பழுக்கவில்லை. உடனே புறப்பட்டு வரவும்’ என்று இருந்தது. அனுப்பியவர் புதுச்சேரியில் இருக்கும் என் சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர். விஷயம் தெரிந்ததும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபப்பட்டாள். துக்கத்துக்குத் தயாராகிவிட்ட மனிதருக்கு வாழைக்காய்ச் சமாச்சாரம் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவன். உறவுக்காரர்களைப் பொறுத்தவரை நான் செடிகொடிகளுக்கு வைத்தியர். முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறினாலும் என்னைத்தான் கேட்பார்கள், தலைமுடி கொட்டினாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவன்.

இது ஐம்பத்தேழாம் வருஷம், கத்திரி வெயில் காலம். புதுச்சேரி நம்மோடு சேர்ந்துவிட்டது என்றாலும் காகிதத்தில் பிரெஞ்சுக்காரன் இன்னும் முழுசாகக் கைகழுவவில்லை. ஆகவே அங்கே போவது வெளிநாட்டுப் பயணமா, பக்கத்து ஊர்ப் பயணமா என்பதை அவரவர் சௌகரியப்படி வைத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்காரரிடம் நான் வெளிநாடு என்றேன். செலவுக் கணக்கு கேட்ட மனைவியிடம் பக்கத்து ஊர் என்றேன். அவள் குழந்தைகளோடு கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவதாக ஏற்பாடு. ஆமாம், கல்யாணம். சகலையின் ஒரே மகள் கௌரிக்கு அடுத்த திங்கட்கிழமை முகூர்த்தம்.

நான் திங்கட்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். அந்த ஊரில் பன்னிரண்டு மணிக்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கடைகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகின்றன. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கங்களில் நம் ஆட்கள் மனசார ஏற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான் என்று தோன்றியது. ரிக்‌ஷா எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு புஷ்புஷ் வண்டி அகப்பட்டது.

புஷ்புஷ் வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று சக்கரம். வண்டிக்காரர் பின்னால் நின்று தள்ளுவார். பயணி முன்னால் உட்கார்ந்து, ஒரு நீளக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். காசும் கொடுத்து வண்டியும் ஓட்டும் வசதி உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது திருப்பத்திலேயே நான் ஒரு ரொட்டிக் கூடையின் மேல் ஏற்றிவிட்டேன். முழ நீள ரொட்டிகள் தெருவில் உருண்டன. உயரமான சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் வந்து பிரெஞ்சில் என்னமோ நீளமாகச் சொன்னார்.

“இன்னா சொல்றாரு?” என்று வண்டிக்காரரைக் கேட்டேன். இறங்கின அரை மணியில் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு தொற்றிக்கொண்டது.

“ஓட்டத் தெரியாதவன்லாம் எதுக்குய்யா முன்னால குந்துறான்னு கேக்குறாரு,” என்றார் வண்டிக்காரர். “ஊருக்குப் புதுசுன்னு சொல்லிட்டேன். போங்கன்றாரு.”

வண்டிக்காரர் அப்படி எதுவும் சொல்லி நான் கேட்கவில்லை. மடங்கிப்போன இரண்டு ரொட்டிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு, சகலை வீடு இருக்கிற சாரம் என்கிற பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, இருபது வருஷம் வியட்நாமில் சைகோன் துறைமுகத்தில் ஒரு பண்டசாலையில் வேலை பார்த்தவர். அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும் இவரும் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு கிராமபோன், எதற்கெடுத்தாலும் ‘சைகோன்ல இப்டி இல்ல’ என்கிற பேச்சு. சாரத்தில் வீடு கட்டி, கொல்லையில் வாழைத்தார் பழுக்கவைக்கிற அறை ஒன்றும் கட்டினார். எல்லோரும் கட்டுவது போல மண் அறை இல்லை. வழவழவென்று சிமென்டுத் தரை, சுண்ணாம்படித்த சுவர், நாலு பக்கமும் உயரத்தில் ஜன்னல், கூரை முழுக்க மின்சார பல்பு. சைகோன் பண்டசாலையில் பழ அறை அப்படித்தான் பளிச்சென்று இருந்ததாம்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கொடியில் வரிசையாகப் பூவன் தார்கள் தொங்கின. அறை அடுப்பங்கரை மாதிரி தகித்தது. காய்கள் மட்டும் பச்சைப்பசேல் என்று, நேற்று மரத்திலிருந்து வெட்டியவை போல விறைத்துக்கொண்டு நின்றன.

“ஒரு வாரமா சூடு குடுக்கறேன் சகலை,” என்றார். “தொட்டா சுடுது, பழுக்க மட்டும் மாட்டேங்குது. காய்ல எதுனா கோளாறா பாரு.”

காயில் கோளாறு இல்லை. எங்கே கோளாறு என்று கௌரிதான் எனக்குச் சொன்னாள். சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா காதில் விழாமல் பேசினாள்.

“சித்தப்பா, எங்க மாமனார் ஊட்டுல மூட்டந்தான் தொழிலு, பொக போட்டு வாழத்தார் பழுக்க வைக்கறது. நிச்சயத்தன்னைக்கு அவங்க ஊட்டுப் பழம் குடுத்தாங்க. அப்பா மோந்து பாத்துட்டு, பொக நாத்தம் அடிக்குதுன்னுட்டாரு. சபையில. அவரு சும்மா உடுவாரா? அப்ப நீங்க பொகை இல்லாம பழுக்க வச்சி எடுத்தாங்கன்னாரு. அப்பாவும் சரின்னுட்டாரு. தாம்பூலத்துக்கு, பந்திக்கு, பாலும் பழத்துக்கு, எல்லாத்துக்கும் எங்க ஊட்டுக் கரண்டுப் பழந்தானாம்.”

“பழுக்கலன்னா கடையில வாங்கிட்டா போச்சு.”

“மார்க்கெட்ல முக்காவாசிப் பழம் அவங்க மூட்டத்துப் பழந்தான். சம்மந்தி பழத்த வாங்கி சம்மந்தி கையிலயே குடுக்கறதுக்கு நான் கல்யாணத்தையே ஆவணிக்குத் தள்ளிடறேன்னு அப்பா சொல்றாரு. அவரு சொன்னா செய்வாரு. தள்ளிட்டா அவங்க உட்டுருவாங்க சித்தப்பா. மாமனாரும் அதே மாதிரி ஆளுதான்.” அவள் கண் கலங்கிவிட்டது. “எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கு.”

பையனைத்தான் சொன்னாள். அந்தப் பெண் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நான் பார்க்கிறேன். இந்த இரண்டு கிழவர்களின் மூக்குக்காக அவள் ஆவணி வரை அழ வேண்டுமா என்று எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் வஞ்சிரக் குழம்பு. வடகம் தாளித்த வாசனையே பாதி வயிற்றை நிரப்பியது. ரசத்துக்கு ரொட்டியைத் தொட்டுக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். முதல் வாய்க்கு அருவருத்தேன், நாலாவது வாய்க்கு இன்னொரு துண்டு கேட்டேன். வயிறு நிறைந்த தைரியத்தில் சகலைக்குப் பாடம் எடுத்தேன்.

“சூட்டுக்கும் பழுக்கிறதுக்கும் அவ்வளவா சம்பந்தம் இல்ல சகலை. மூட்டத்துல வேலை செய்யறது சூடு இல்ல, புகையில இருக்கற ஒரு வாயு. எத்திலீன்னு பேரு. வெள்ளைக்கார நாட்டுல மண்ணெண்ணெய் அடுப்பு வச்சு எலுமிச்சைக்கு நிறம் ஏத்தினாங்க. சூட்டாலதான் ஆகுதுன்னு நெனச்சு, சுத்தமா இருக்கட்டும்னு வேற கணப்பு வச்சாங்க. உங்களுக்கு ஆன மாதிரியே ஆச்சு. காய் பச்சையாவே இருந்துச்சு. அடுப்போட சூடு இல்ல, அடுப்போட புகைதான் வேலை செஞ்சிருக்கு.”

“சைகோன்ல பொகையே கெடையாது,” என்றார்.

“வாயுவை வேற வழியா உள்ள விட்டிருப்பாங்க. நீங்க பல்பை மட்டும் பாத்துட்டு வந்திருக்கீங்க.”

அவர் மீன் முள்ளை வெகு கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. காய் பிஞ்சாக இருக்கும்போது வளரச் சொல்லி ஒரு சாறு ஊறுகிறது, அதற்கு ஆக்சின் என்று பெயர். மற்ற பழங்களில் அதை விதை சுரக்கும், விதையில்லாத வாழை தானே சுரந்துகொள்ளும். வளர்ந்து முடிந்ததும் எத்திலீன் தலையெடுக்கும். காய் மாவைச் சர்க்கரையாக்கி, பச்சையைக் கலைத்து, தோலை இளக்கிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னேன். எத்திலீன்தான் காயைப் பழுக்க வைக்கிறதா, பழுக்கிற காயிலிருந்து வெறுமனே கசிகிறதா என்று எங்கள் ஆட்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சகலையிடம் பலவீனத்தைக் காட்டக் கூடாது.

“அப்ப இந்தக் காய்க்குள்ளயே அது இருக்குதா சித்தப்பா?” என்று கௌரி கேட்டாள்.

“இருக்கு. ஒரு பழம் பழுத்தா அதோட வாயு பக்கத்துக் காயை எழுப்பும். அது அடுத்ததை எழுப்பும். ஆனா நாலு ஜன்னலையும் தொறந்து வச்சா அத்தனையும் வெளியில போயிடும்.”

“காத்து வரணும்,” என்றார் சகலை. “அதான் சுகாதாரம்.” கை கழுவ எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் ரகசியமாக வேலையை ஆரம்பித்தேன். நன்றாகக் கனிந்த மாம்பழங்கள் வாங்கிவந்து தார்களுக்கு நடுவே சொருகினேன். நீளக் கொக்கிக் கழியால் ஜன்னல்களைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாலு ஜன்னலும் திறந்திருந்தன. சகலை கூடத்தில் உட்கார்ந்து மாம்பழத்தை அறுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“பழ ரூம்ல எவனோ அழுவற பழத்த வச்சிருக்கான்,” என்றார். “நல்லா இனிக்குது. ஒரு பத்தை எடுத்துக்க.”

ஒரு ஓரத்தில் கூடை நிறையப் பச்சைத் திராட்சையும் வைத்திருந்தார். அதுவும் பழுக்க வேண்டுமாம். திராட்சையைக் கொடியிலிருந்து புளிப்பாகப் பறித்தால் அது அழுகும் வரைக்கும் புளிப்புதான் என்றேன். பறித்த பிறகு பழுக்கும் குணம் வாழைக்கு உண்டு, மாங்காய்க்கு உண்டு, திராட்சைக்கு இல்லை. அது ஜீனில் வருவது, பல்பு போட்டு மாற்ற முடியாது. ஒரு குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் பிடிவாதம் இருப்பது மாதிரி என்று கௌரியின் அம்மாவுக்கு விளக்கினேன்.

“அது எங்க ஊட்டுக்காரர் பக்கம் தம்பி, எங்க பக்கம் கெடையாது,” என்றார் அந்த அம்மாள். என் மனைவி அவருடைய தங்கைதான் என்பதால் நான் மேலே பேசவில்லை.

புதன்கிழமை மார்க்கெட் பக்கம் போனேன். ரொட்டிக்கடை வாசலில் இரண்டு கிழவர்கள் பிரெஞ்சில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று கடைக்காரரைக் கேட்டேன். இந்தியாவோடு சேர்ந்த பிறகு ரொட்டி சின்னதாகிவிட்டது என்கிறாராம் ஒருவர். பல் போன பிறகு ரொட்டி சின்னதாயிருப்பது ஒரு வசதி என்கிறாராம் மற்றவர். இதற்குப் பிரெஞ்சு தேவையே இல்லை என்று நினைத்தேன்.

அங்கிருந்து கௌரியின் வருங்கால மாமனாரைப் பார்க்கப் போனேன். கறுத்த, கனத்த மனிதர். அவருடைய மூட்டம் ஜன்னலே இல்லாத மண் அறை. தார்களை அடுக்கி வாழைச்சருகு மூடி, மூலையில் ஒரு பானையில் எருமுட்டையும் வைக்கோலும் கனியவிட்டு, கதவிடுக்கை மண் பூசி அடைத்துவிடுகிறார்கள். திறக்கும்போது நானும் அருகில் நின்றேன். கண்ணெல்லாம் எரிந்தது. காய்கள் லேசாக வெளுத்து இளகியிருந்தன. இரண்டு நாளில் மஞ்சளாகிவிடும் என்றார்.

“எல்லாம் சூடுதாங்க,” என்று அவரும் சொன்னார். “அனல் காய்க்குள்ள போவணும்.”

புகை என்று நான் ஆரம்பித்ததும் கையமர்த்தினார். “பொகையா? பொகை நாத்தம்னு உங்க சகலை சொன்னாரு பாருங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து யாரும் சொன்னதில்ல. பொண்ணு தங்கமான பொண்ணு. அதுக்காவத்தான் பொறுத்துக்கினேன். ஆனா சொன்னபடி அவரு பழம் கொண்டாரணும். இல்லன்னா சபையில எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும், எம்பழம் தப்பில்லன்னு.”

ஆக, இரண்டு பேருக்கும் சூடுதான் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டு பேரும் தப்பு. சரியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். என் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை பூராவும் சகலை பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் இறங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் காய் இப்படியே இருந்தால் சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். அவர் மனைவி உள்ளே போனார். கௌரி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா பொகை போட உட மாட்டாரு சித்தப்பா,” என்றாள். பிறகு, “நாளைக்கு வெள்ளிக்கெழம,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவோமில்ல? வீடு பூரா. அது பொகைதானே? அப்பா அத ஒண்ணும் சொல்ல மாட்டாரே.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். தேங்காய் நாரும் கரியும் கனிகிற தூபக்கால், அதன் மேல் சாம்பிராணி. அந்தப் புகையிலும் எத்திலீன் இல்லாமலா இருக்கும்? பாடம் சொன்னது நான், பாடத்தைப் பிடித்துக்கொண்டது அவள். எத்தனை வருஷமாக வகுப்பெடுக்கிறேன், இப்படி ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

திட்டம் இதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் பழ அறையில் சாம்பிராணி போடுவாள். சீர்ப் பழத்துக்குப் போட்டேன் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அவள் வெளியே வந்ததும் நான் போய் ஜன்னல்களைச் சாத்துவேன். சகலை திறந்தால் மறுபடியும் சாத்துவேன். ராத்திரி முழுக்க விழித்திருக்கவும் தயாராகத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கௌரி வழக்கமான தூபக்காலோடு இரண்டு மண் சட்டியிலும் நெருப்பு எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் ஒரு பிடி சாம்பிராணி கொண்டுவந்து கொடுத்தார். பழ அறையில் பனிமூட்டம் மாதிரி புகை நின்றது. நான் கழியைத் தேடிக்கொண்டு கொல்லைக்குத் திரும்பிய சமயம் பார்த்து, “சகலை, வாசல்ல பந்தக்கால் கோணலா நிக்குது, வந்து பாரு,” என்று சகலை கூப்பிட்டார். போனேன். பந்தல் அளவு, பந்தி வரிசை, மேளக்காரர் உட்காரும் இடம் என்று பிடித்துவைத்துக்கொண்டார். பிறகு, “சட்டுனு வரேன், நீ இங்கியே நில்லு, பந்தக்காரன் ஏமாத்துவான்,” என்று போனவர் வெகு நேரம் வரவில்லை. எல்லாம் முடிந்து நான் கொல்லைக்கு ஓடியபோது இருட்டிவிட்டது. நாலு ஜன்னலும் சாத்தியிருந்தன. கதவிடுக்கில் கோணிச்சாக்கும் செருகியிருந்தது. கெட்டிக்காரப் பெண், நம்மை நம்பி இராமல் தானே முடித்துவிட்டாள் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை சகலைக்குக் கல்யாண அலைச்சல். பழ அறைப் பக்கமே அவர் எட்டிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சுகாதாரத்தை மறந்திருந்தார். மத்தியானம் நானும் கௌரியும் கதவைத் திறந்தோம். காய்கள் இளகி, பச்சை வெளுத்திருந்தது. அவள் ஒரு காயை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு அங்கேயே அழுதாள்.

“நல்ல வேளை, நீ ஜன்னலைச் சாத்தினியே,” என்றேன்.

“நானா? நீங்க இல்லியா சித்தப்பா? சாம்பிராணி போட்டதும் அம்மா என்ன உள்ள கூப்டுகினாங்களே.”

அம்மாவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தார்கள் மஞ்சளாயின. சகலை வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பல்புகளைக் காட்டினார். ராத்திரி கல்யாண மாலைகள் வந்தபோது, யார் கையும் படாமல் இருக்கட்டும் என்று யாரோ கொண்டுபோய் அதே அறையில் மாட்டிவிட்டார்கள். அன்றுதான் என் மனைவி வந்திருந்தாள், நான் குழந்தைகளோடு தூங்கிவிட்டேன். காயை எழுப்புகிற வாயு பூவை உதிர்க்கவும் செய்யும். காலையில் மாப்பிள்ளை கழுத்தில் மாலை விழுந்ததும் ரோஜா இதழ்கள் பொலபொலவென்று கொட்டின. மணமேடை பூராவும் இதழ். சகுனம் பற்றி யாரோ முணுமுணுக்கத் தொடங்குமுன், “பூ மாரி பொழியுது, நல்ல சகுனம்,” என்று நான் சத்தமாகச் சொல்லிவைத்தேன். தாவரவியல் படித்ததற்கு அன்றைக்கு ஒரு பிரயோஜனம் கிடைத்தது.

பாலும் பழமும் கொடுக்கிற நேரம். சகலை வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, தட்டைத் தானே எடுத்துவந்து சம்பந்தி முன்னால் நீட்டினார். மூட்டக்காரர் ஒரு பழத்தை எடுத்தார். உரித்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். கௌரி தலை குனிந்திருந்தாள். வாழ்நாளெல்லாம் புகையில் நின்ற மூக்கு அது. அவர் ஒரு தடவை சகலையைப் பார்த்தார், ஒரு தடவை பெண்ணைப் பார்த்தார். பிறகு முழுப் பழத்தையும் தின்று முடித்தார்.

“கரண்டுப் பழத்துல கோயில் வாசனை வருதே சம்மந்தி,” என்றார். “நல்லாத்தான் இருக்குது.”

“உங்க மூட்டப் பழமும் நல்லாத்தான் இருந்துது சம்மந்தி,” என்றார் சகலை. “அன்னைக்கு எனக்கு மூக்குல சளி.”

சபை சிரித்தது. மேளம் கொட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாளில் சகலைக்குச் சளி பிடித்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் புறப்பட்டோம். பஸ் ஏற்றிவிட அவரும் வந்தார். கையில் ஒரு சீப்புப் பழம். மனைவியும் குழந்தைகளும் ஏறி உட்கார்ந்த பிறகு அவரைக் கேட்டேன்.

“சகலை, வெள்ளிக்கிழமை அந்த ஜன்னலை யார் சாத்தினதுன்னு தெரியல. உங்க வீட்டம்மா இல்லையாம், கேட்டேன்.”

அவர் வானத்தைப் பார்த்தார். கத்திரி வெயில் கொளுத்தியது. ஒரு துண்டு மேகம் இல்லை. வெள்ளிக்கிழமையும் இருக்கவில்லை.

“மழ வர்ற மாதிரி இருந்துது,” என்றார். “பல்பு நனைஞ்சிடப்போவுதேன்னு நான்தான் சாத்தினேன். அடியில ஈரம் வராம ஒரு சாக்கையும் வச்சேன்.”

என்னைப் பார்க்காமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

“ஆமா சகலை,” என்றேன். “நல்லா கறுத்துக்கிட்டுதான் வந்துச்சு.”

பழச் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரே மகளை அனுப்பிவிட்ட மனிதர் நடக்கிற நடையில் சாரத்தைப் பார்த்து நடந்தார்.